சைக்கிள் பந்தயத்தில் மாற்றிய டியூபும் உடனே பஞ்சர் ஆனது ஏன்?

முதல் பஞ்சருக்குப் புது டியூப் போட்டும், சில கிலோமீட்டரிலேயே அதே பின்சக்கரம் மறுபடி காற்று இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தயத்தின் நடுவே இப்படி நின்றுபோவது எவ்வளவு வேதனை என்று புரிகிறது. டியூபைக் குறை சொல்லாதீர்கள். முள்ளோ மெல்லிய கம்பித்துண்டோ இன்னும் டயரில் குத்திக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கழற்றிய டியூப்கள் இருந்தால் காற்றடித்துப் பாருங்கள். இரண்டிலும் வெளிப்பக்கம், ஒரே இடத்தில் ஒற்றைத் துளை என்றால் முள்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் இடித்திருக்கிறது. உட்பக்கத்தில், அதாவது ரிம் பக்கம், துளை என்றால் ரிம்மில் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் நாடாவைச் சரிபாருங்கள்.

இனி டயர் மாட்டும்போது அதன் மேல் உள்ள பெயரை வால்வுக்கு நேராக வையுங்கள். டியூபில் துளை எங்கே என்று தெரிந்தால் டயரில் முள் எங்கே என்பது உடனே தெரிந்துவிடும். அவசரத்திலும் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று, மெதுவாக, தடவிப் பார்த்துவிடுங்கள். கம்பி விரலைக் கிழிக்கக்கூடும். டியூபில் கொஞ்சம் காற்று ஊதிய பிறகே டயருக்குள் செருகுங்கள், இல்லாவிட்டால் ரிம்மில் சிக்கும். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள்.