அந்த மெட்டு யாருடையது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜாஸ் குழுத்தலைவர் க்ளென் மில்லரின் ‘இன் த மூட்’ என்ற இசைப்பதிவு எனக்கு மிகவும் பிடித்தது. அது கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து அவர் திருடியது என்று நண்பர் சொன்னார். அதன்பின் கேட்கவே மனம் வரவில்லை. அந்த மெட்டு உண்மையில் யாருடையது? ஸ்விங் என்னும் அந்த ஜாஸ் வகையை எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? நீங்கள் ஏன் ஜாஸ் பற்றி எழுதுவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். ஒரு வாரமாக நானும் இந்த மெட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

யாரோ சொன்னார் என்று பிடித்த இசையை விட்டுவிடுவீர்களா? பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். நீங்களே கேட்டுப் பார்த்திருக்கலாமே.

1930ல் விங்கி மனோன் பதிவுசெய்த ‘டார் பேப்பர் ஸ்டாம்ப்’பில் அந்த மெட்டு இருக்கிறது. மனோன் வெள்ளையர், சிறுவயதில் ட்ராம் விபத்தில் வலக்கையை இழந்த ட்ரம்பெட் கலைஞர். மறுவருடம் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் கறுப்பினக் குழு அதையே ‘ஹாட் அண்ட் ஆங்சியஸ்’ஸில் வாசித்தது. 1938ல் எட்கர் ஹேய்ஸ் குழு இன்றைய பெயரிலேயே பதிவுசெய்தது. அதில் சாக்ஸபோன் வாசித்த ஜோ கார்லண்டின் பெயரில்தான் பதிப்புரிமை இருக்கிறது. அவரும் கறுப்பினத்தவர். மில்லர் வந்ததே 1939 ஆகஸ்டில். இதில் யார் யாரிடம் திருடினார், சொல்லுங்கள்.

மூன்று மூன்று சுரங்களாகக் கோர்த்து நாலு கணக்குத் தாளத்தின்மேல் உருட்டிவிடும் துணுக்கு அது. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் இடம் மாறி விழும். காதால் கேட்டு ஆளுக்கு ஆள் வாங்கி வாசித்தார்கள். சட்டத்துக்குக் காது கிடையாது, தாளில் எழுதிப் பதிந்தவரைத்தான் அது பார்க்கும். மனோனின் பெயர் அங்கே இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் மில்லர் செய்ததைப் பேச மறந்துவிடுகிறோம். அவர் வெட்டினார். கார்லண்ட் மில்லருக்கு முன்பே இன்னொரு குழுத்தலைவரான ஆர்ட்டி ஷாவிடம் இதைக் கொடுத்தார். ஷா வானொலியில் வாசித்தார், ஆனால் ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டதால் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மில்லர் உபரியான பகுதிகளை எடுத்துவிட்டு, இரண்டு சாக்ஸபோன்களை மாறி மாறிப் பேசவிட்டார். எதை விடுவது என்று தெரிந்தவனும் படைப்பாளிதான். எழுதுகிறவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வதில்லை, எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஸ்விங்கை மில்லரின் இந்தப் பதிவிலிருந்தே தொடங்குங்கள், அதன் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் தணிந்து, முணுமுணுப்பாகிவிடும்.

அப்பா படுக்கையில் இருந்த நாட்களில் தலைமாட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தோம். இதை முதலில் போட்டபோது அந்த இடத்தில், “செல் போயிடுச்சுடா” என்று கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த நொடி ட்ரம்பெட்டுகள் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், அவர் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தது.

மறுநாள் அதே இடம் வந்தபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஒரு விரலைத் தூக்கி, பொறு என்றார்.