டெக்ஸோமாவில் குளிர்கால மீன்பிடி: முதல் காசை எதில் போடுவது?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். ஜனவரியில் நண்பர்கள் நான்கு பேர் டெக்ஸோமா நீர்த்தேக்கத்துக்கு ஸ்ட்ரைப்பர் (உடம்பில் கோடுகள் உள்ள பாஸ் மீன்) பிடிக்கப் போகத் திட்டம். 14 அடி பழைய அலுமினியப் படகு ஒன்று மோட்டார், டிரெய்லரோடு மலிவாக வருகிறது. நாலு பேர் தாராளமாகப் போகலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: விற்பவரிடம் கேட்க வேண்டாம், படகிடமே கேளுங்கள். 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளின் உட்புறத்தில் சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனை ஆள், மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் வரை மோட்டார் மாட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 14 அடிப் படகுகள் பலவற்றில் மூன்று ஆள் என்றுதான் போட்டிருப்பார்கள். எடைக் கணக்கில் மோட்டாரும் சாமான்களும் சேரும். கனமான குளிர் உடுப்பு, ஐஸ் பெட்டி, பேட்டரி, பெட்ரோல் எல்லாம் ஏறிய பிறகு நான்காவது ஆளுக்கு அதில் இடம் கிடையாது. தகடு பிய்ந்துபோயிருந்தால் அந்தப் படகே வேண்டாம்.

டெக்ஸோமா சின்ன ஏரி இல்லை. ரெட் ஆற்றின் குறுக்கே 1944-ல் முடிந்த டெனிசன் அணைக்குப் பின்னால், டெக்சஸ், ஓக்லஹோமா இரண்டிலும் விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாடைக் காற்று திடீரென்று இறங்கினால், காலையில் கண்ணாடியாகக் கிடந்த தண்ணீர் மதியத்துக்குள் அலையடிக்கும். ஆகவே இந்தப் படகை இரண்டு பேருக்கான படகாக, காற்று மறைவான ஓரங்களுக்கு மட்டும் என்று நினைத்து வாங்குவதானால் வாங்குங்கள். நால்வரும் சேர்ந்து போகும் முதல் முறைக்கு அங்குள்ள வழிகாட்டி ஒருவரின் பெரிய படகை எடுப்பதே நல்லது. கடற்பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாயும் இடத்தின் அடியில் மீன் இருக்கும் என்பது போன்ற சங்கதிகளையும் அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

வாங்குவதென்று முடிவு செய்தால், பத்திரத்தில் ஒரு விஷயம். டெக்சஸில் படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குத் தனியாக இன்னொரு டைட்டில். படகுடையதை மட்டும் காட்டி, மோட்டாருடையது பிறகு வரும் என்றால் காசைக் கொடுக்காதீர்கள். எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள் கொண்ட படகின் அடையாள எண்ணையும் மோட்டாரின் வரிசை எண்ணையும் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேரும் முன் மோட்டாரைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த மோட்டார் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் ஜனவரியில் உங்களுக்குத் தேவை. ஓட்டுபவர் உடம்போடு மாட்டிக்கொள்ளும் நிறுத்தக் கயிற்றை இழுத்தால் உடனே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்களில் ஒருவர் பெல்ட் போல மெலிதாக இருக்கும், தானே காற்றடைத்துக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் வாங்கலாம் என்கிறார். இன்னொருவர் சாதாரண நுரை ஜாக்கெட்டே போதும் என்கிறார். விலை வித்தியாசம் அதிகம். எது சரி?

பதில்: குளிர்காலத்துக்கு நுரை ஜாக்கெட்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஜனவரியில் அந்தத் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். அதில் விழுந்தவுடன் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அப்போது முகம் தண்ணீருக்கு மேலே இருந்தாக வேண்டும். மூச்சு வசப்பட ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று மீட்புக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்த முதல் நிமிடத்தில்தான் போய்விடுகிறார்கள்.

காற்றடைக்கும் ரகத்தில் சிறிய வாயுக் குப்பி துளைபட்டு, அதிலுள்ள வாயு ஜாக்கெட்டை உப்ப வைக்கும். குப்பியையும், பல மாடல்களில் தண்ணீர் பட்டால் கரையும் வில்லையையும் கெடு பார்த்து மாற்ற வேண்டும். அது தொடர்ச் செலவு. மேலே கோட்டுப் போட்டு மூடிவிட்டால் உப்ப இடமிருக்காது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது ஆகாது. நுரைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, நெஞ்சுக்குக் கதகதப்பும் தரும்.

கடைக்குப் போகும்போது படகில் போடப்போகும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். சட்டைக்கு மேல் சரியாக இருந்தது கோட்டுக்கு மேல் பூட்டாது. எல்லாப் பட்டைகளையும் இறுக்கிவிட்டு, நண்பரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் சின்ன அளவு வேண்டும். உள்ளே அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 'நீச்சல் உதவி' உடுப்புகளில் அது இருக்காது. தூண்டிலிலும் ரீலிலும் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம். வாங்கியதைப் படகின் மூலையில் போட்டுவைக்காமல் கரையிலேயே மாட்டுங்கள். கவிழ்ந்த பிறகு விறைத்த விரல்களால் பூட்ட முடியாது.

கேள்வி: கயாக்கில் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகு) மின் மோட்டார் மாட்ட லித்தியம் பேட்டரி வாங்கலாமா?

பதில்: எடை குறைவு என்பதால் சின்னப் படகுக்கு ஏற்றதுதான். ஆனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுவிடும். குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், வீட்டுக்குள் வைத்தே சார்ஜ் போடுங்கள். மோட்டார் மாட்டிய கயாக்கை டெக்சஸில் பதிவு செய்ய வேண்டும், அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேறொருவர்): டெக்ஸோமாவுக்கென்று தனி மீன்பிடி உரிமம் 12 டாலருக்கு இருக்கிறதாமே, டிசம்பர் கடைசியில் போகிறோம், எடுக்கலாமா?

பதில்: இரு மாநிலப் பக்கமும் செல்லுபடியாகும் நல்ல உரிமம் அது. ஆனால் எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். பயணத்தை ஜனவரிக்குத் தள்ளினால் அதே காசுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும். டெக்சஸின் வழக்கமான ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 வரை. அதை ஏற்கெனவே வைத்திருந்து, டெக்சஸ் பக்கத்துத் தண்ணீரிலேயே பிடிப்பதானால் இது தேவையில்லை.