நாங்களும் வரி கட்டுகிறோமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வரிச் சட்டம் பற்றி அண்மைக் காலத்தில் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஆய்வுகளை வாசித்துப் பாருங்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். கோபமாக எழுதியவர்களும் உண்டு. நல்லது, கோபத்துக்கு இடம் உண்டு.

மல்லாவியிலிருந்து ஒரு கமக்கார ஐயா: வெளிநாட்டுப் பேராசிரியர்மார் வரியைப் பற்றி என்ன எழுதினால் எங்களுக்கென்ன? நான் வயல் செய்கிறவன். வாழ்நாளில் ஒரு சதம் வரி கட்டியதில்லை.

ஐயா, நீங்கள் நேற்றும் கட்டியிருப்பீர்கள். வயல் உழும் லாண்ட்மாஸ்டருக்கு டீசல் அடித்தீர்கள் அல்லவா? 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் வற் வரி (பெறுமதி சேர் வரி) உண்டு, 18 வீதம். வற் வரியோடு சேர்த்து 1,180 ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்கினால் அதில் 180 ரூபாய் அரசுக்குப் போகிறது. கொழும்பில் மூன்று மாடி வீட்டில் இருப்பவருக்கும் அதே 180, உங்களுக்கும் அதே 180.

இது உங்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் பிழை இல்லை, தெரியாதபடிதான் அந்த வரி இருக்கிறது. அமில்காரே புவியானி என்ற இத்தாலியர் 1903இலேயே எழுதிவிட்டார்: விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியை மக்கள் வரியாக உணர்வதில்லை, ஆட்சி செய்கிறவர்களுக்கு அது வசதி என்று. நூறு வருடம் கழித்து ராஜ் செட்டி என்ற பொருளியலாளரும் இன்னும் இரண்டு பேரும் அதைக் கலிபோர்னியாவில் ஒரு பல்பொருள் அங்காடியில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே தட்டில் எழுதியிருக்கும் விலையில் வரி இருக்காது, காசு கட்டும் இடத்தில்தான் சேர்ப்பார்கள். இவர்கள் சில பொருட்களுக்கு மட்டும் வரியையும் கூட்டிய விலையை எழுதி ஒட்டினார்கள். அந்தப் பொருட்களின் விற்பனை சுமார் 8 வீதம் குறைந்தது. வரியை ஒரு சதம்கூட ஏற்றவில்லை, கண்ணில் படும்படி வைத்தார்கள், அவ்வளவுதான். 2009இல் வெளிவந்த ஆய்வு இது.

எங்கள் இலங்கையைப் பற்றி மிக் மூர் என்ற ஆய்வாளர் 2017இல் ஒரு கட்டுரை எழுதினார். 1990ஐ ஒட்டிய காலத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்திலொரு பங்கை நெருங்கி இருந்த வரி வருமானம் வருடக்கணக்காக எப்படித் தேய்ந்துகொண்டே போனது என்பதுதான் அதன் விடயம். 2022இல் அது நூற்றுக்கு ஏழு சொச்சத்தில் வந்து நின்றது. அதே வருடம் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அப்புறம் வற் வரியை 8இலிருந்து 12, 15, 18 என்று சுமார் ஒன்றரை வருடத்தில் ஏற்றினார்கள். வசதியுள்ளவர்களிடம் வாங்காமல் விட்டதை உங்கள் டீசலில் வாங்குகிறார்கள் ஐயா. பேராசிரியர்மார் எழுதுவது உங்களுக்கு எதற்கு என்று கேட்டீர்கள், இதற்குத்தான்.

பரந்தனிலிருந்து: கடையில் பில்லின் கீழே ‘வற் 18 வீதம்’ என்று தனியாகக் கூட்டிப் போடுகிறார்கள். எந்தக் கடைக்காரரும் போடலாமா?

போட முடியாது. வற் வரிக்குப் பதிவு செய்தவர்தான் அப்படி வாங்கலாம். ஆண்டுக்கு எவ்வளவு வியாபாரம் நடந்தால் கட்டாயம் பதிய வேண்டும் என்ற எல்லை 2024 தொடக்கத்தில் 6 கோடி ரூபாய் என்று இருந்தது. எங்கள் சந்திகளில் உள்ள சின்னக் கடைகளில் எத்தனை அதைத் தாண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பற்றுச்சீட்டில் வற் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பதியாத கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் வற் கொடுத்துத்தான் சாமான் எடுத்திருப்பார், அது அவருடைய விலையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் 18 வீதம் கூட்டினால் அது வரி இல்லை.

விசுவமடுவிலிருந்து ஒரு அம்மா: மகன் அனுப்பிய காசை நிலையான வைப்பில் போட்டேன். வட்டியில் பத்து வீதம் வெட்டுகிறார்கள். பெரிய பெரிய வியாபாரிகளிடம் ஒன்றும் வெட்டுவதில்லை. இது நியாயமா?

முதலில் உங்கள் காசைப் பார்ப்போம் அம்மா. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. அதே நேரம், தனி ஆளுக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. உங்கள் மொத்த வருமானம் அதற்குள் இருந்தால், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தோடு ஒரு சுய பிரகடனப் படிவம் நிரப்பி வங்கியில் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே பிடித்ததை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம். இணையம் பழகிய பேரப்பிள்ளை யாராவது இருந்தால் அந்த இலக்கத்தை எடுத்துத் தருவார்கள். என்னுடைய பெரியம்மாவுக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதையே ஒருவரும் சொல்லவில்லை, ஒரு வருடம் சும்மா வெட்டுப்பட்டது, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இனி நியாயத்துக்கு வருவோம். டென்மார்க்கில் கிளெவன் என்பவரும் கூட்டாளிகளும் நாற்பதாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் வரிக் கணக்குகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2011இல் வெளிவந்தது. சம்பளம், வட்டி மாதிரி மூன்றாவது ஆள் ஒருவர் திணைக்களத்துக்கு அறிவிக்கும் வருமானத்தில் மறைப்பு இல்லையென்றே சொல்லலாம். தானே எழுதிக் கொடுக்கும் வருமானத்தில் மறைப்பு கணிசமாக இருந்தது. டென்மார்க்காரரும் மனிதர்கள்தான். ஆளின் நேர்மையைவிட, வருமானம் யார் கையால் வருகிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆசிரியரின் சம்பளமும் உங்கள் வட்டியும் பிடிக்க இலகு, அதனால் அங்கே கை வைக்கிறார்கள். இலகு என்பது நியாயம் ஆகாது, நீங்கள் கேட்டது முழுக்கச் சரி.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி: பிரதேச சபை வீடு வளவுக்குச் சோலை வரி கேட்கிறது. ஒழுங்கையில் லைற் இல்லை, மழைக்கு வீதி குளமாகிறது. செய்து காட்டட்டும், பிறகு கட்டுவோம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோம்.

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்தப் பத்தியையே எழுதினேன்.

கொங்கோவில் கனங்கா என்று ஒரு நகரம் இருக்கிறது. ஏழை நகரம், அதைச் சுற்றியும் சண்டை நடந்திருக்கிறது, அரசாங்கம் என்றால் சனம் ஒதுங்கிப் போகும் இடம். அங்கே 2016இல் மாகாண அரசு வீடு வீடாகப் போய், எங்கள் சோலை வரி மாதிரியான ஆதன வரி கேட்டது. ஜொனதன் வைகல் என்ற ஆய்வாளர் அரசோடு பேசி, எந்தக் குறிச்சிகளில் முதலில் கேட்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தீர்மானிக்கச் செய்தார், அப்போதுதான் கேட்ட இடத்தையும் கேட்காத இடத்தையும் ஒப்பிடலாம். வரி கேட்கப்பட்ட குறிச்சிகளில் நகரக் கூட்டங்களுக்கு வந்தவர்களும், அரசைப் பற்றிய தங்கள் மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தவர்களும் கூடினார்கள், சுமார் 5 சதவீதப் புள்ளி. அங்கே வீதி முதலில் வரவில்லை. வரி கேட்டார்கள், உடனே சனம் ‘எங்கள் காசு எங்கே’ என்று கேட்க எழுந்து வந்தது.

அதே நகரத்தில் பிறகு இன்னொரு சோதனை நடந்தது. சில இடங்களில் அரச அலுவலர், சில இடங்களில் அந்தந்த ஊர்த் தலைவர் வரி சேர்த்தார்கள். தலைவர்மார் சேர்த்த இடங்களில் வருமானம் 44 வீதம் கூட. எந்த வீட்டில் கட்டக் காசு இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா. இதை எங்கள் ஊரில் அப்படியே செய்யச் சொல்ல எனக்குப் பயம், வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பார்கள். ஆனால் மூன்றாவதாக 2024இல் வந்த முடிவைப் பிரதேச சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும்: வரி வீதத்தைச் சுமார் மூன்றிலொரு பங்கு குறைத்தால்தான் கூடுதலாகக் காசு சேரும் என்று அங்கே கணக்கு வந்தது. கட்டக்கூடிய அளவில் கேட்டால் கூடப் பேர் கட்டுகிறார்கள்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரி அறவிடக் கூடாது என்கிறது. பிரதேச சபைக்கு அந்த அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொடுக்கிறது. ஆக, வரி சட்டப்படியானது. ஆனால் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே வரை நாட்டின் பெரும்பாலான சபைகளில் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை, செயலாளர்மார்தான் நடத்தினார்கள். அந்த இரண்டு வருடமும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தோம். இப்போது உறுப்பினர் இருக்கிறார். கட்டுங்கள் தம்பி, கட்டிய சீட்டோடு போய், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் வட்டாரத்தில் போன வருடம் எவ்வளவு சோலை வரி சேர்ந்தது, அது எதற்குச் செலவானது? தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். ஊரே கட்டாமல் இருந்தால் சபைக்கு உங்களிடம் பேச வேண்டிய தேவையே இல்லை, கொழும்பிலிருந்து வரும் காசைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

வவுனியாவிலிருந்து: 2019இல் வரியைக் குறைத்ததற்கு நீதிமன்றம் ஏன் குறை சொன்னது? வரி குறைந்தால் சனத்துக்கு நல்லதுதானே?

வற் 15இலிருந்து 8 ஆனபோது நானும் சந்தோசப்பட்டேன். கூடவே சம்பளத்தில் பிடிக்கும் வரியும் நிறுத்தப்பட்டது, பதிவு செய்திருந்த வியாபாரங்கள் பல வற் வலைக்கு வெளியே போயின. வருமானம் விழுந்தது, அதை ஈடுகட்டக் காசு அச்சடித்தார்கள், 2022இல் சீனியும் மாவும் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், கோத்தாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டவர்கள் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்றது. அந்த வரிக் குறைப்பும் அதில் ஆராயப்பட்ட முடிவுகளில் ஒன்று. பொதுப் பணம் ஆட்சியாளர் கையில் நம்பி ஒப்படைத்த பொருள், நினைத்தபடி வாரிக் கொடுக்க முடியாது.

கிளிநொச்சியிலிருந்து: போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளுக்குக் கட்டியதை வரி என்று சொல்லலாமா?

‘வரி இல்லை’ என்றுதான் சட்டம் சொல்லும், பாராளுமன்றத்தின் அதிகாரம் இல்லாதது வரி ஆகாது. ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். சக்கரையா மாம்பில்லி 2011இல் எழுதிய நூலில் புலிகளின் கையில் இருந்த வன்னியும் இருக்கிறது, ஆயுத இயக்கங்கள் மக்களை எப்படி நிர்வகித்தன என்பது அதன் பொருள். எனக்குத் தெரிந்தது வேறு. கொழும்பிலிருந்து ஏ9 வீதி வழியாக வந்த ஒரு சாமானில் அரசின் தீர்வை ஏற்கெனவே இருந்தது, ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், புலிகளின் பகுதிக்கு வந்ததும் இயக்கத்தின் வரி ஏறியது. இரண்டையும் கட்டியது ஒரே வீடு. இரண்டு பேரிடமும் கணக்குக் கேட்க முடியவில்லை. அந்த இரட்டைச் சுமையை எங்கள் ஆட்களே உட்கார்ந்து எழுத வேண்டும், கட்டியவர்களில் பலருக்கு வயது போகிறது.

நெடுங்கேணியிலிருந்து ஒரு தங்கச்சி: சட்டம் படிக்கிறேன். வரிச் சட்டத்தில் ஆய்வு செய்ய ஆசை, ஆனால் வன்னியில் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பெஞ்சமின் ஒல்கெனும் மோனிக்கா சிங்காலும் 2011இல் பத்து நாடுகளை எடுத்து, அரசுக்கு வெளியே ஊர் சேர்க்கும் காசையும் உழைப்பையும் ஒரு வகை வரியாக ஆராய்ந்தார்கள். வருமானத்தோடு பார்த்தால் ஏழைகளே அதில் கூடுதலான பங்கைக் கொடுக்கிறார்கள் என்று கண்டார்கள். அந்தப் பத்தில் இலங்கை இல்லை.

எங்கள் குளங்களை யோசித்துப் பாருங்கள். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832இல் ஒழிந்தது, அதோடு குளக்கட்டைப் பார்க்கும் கட்டாயமும் தளர்ந்தது, 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்து பழைய ஊர் வழக்கத்துக்குத் திரும்பவும் உயிர் கொடுக்க வேண்டி வந்தது. இன்றைக்கும் போகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவுக்கு வீட்டுக்கு ஒரு ஆள், வராவிட்டால் காசு. காணி கூட உள்ளவரும் ஒரு ஆள், குத்தகைக்குச் செய்கிறவரும் ஒரு ஆளா? கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண் யாரை அனுப்புகிறார்? அவருக்கு விலக்கு உண்டா, அதை யார் தீர்மானிக்கிறார்கள்? இது முழுக்க முழுக்க வரிச் சட்டக் கேள்வி தங்கச்சி, எழுதப்படாத சட்டம்.

உங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர் வீட்டில் பழைய வரவு செலவுக் கொப்பிகள் இருக்கும். 2009 போர் முடிவில் நிறையப் போய்விட்டன, மீளக் குடியேறிய பிறகு எழுதியவையாவது மிஞ்சியிருக்கும். கறையான் தின்ன முன் போய்ப் படம் எடுத்து வையுங்கள்.