மேற்கு வெயில்: ஜன்னலை மாற்றும் முன் ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. தடிமனான திரை போட்டும் மாலையில் அனல் அடிக்கிறது, ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் சரியாகுமா?

பதில்: சாதா இரட்டைக் கண்ணாடி மட்டும் போதாது. பணத்தை எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கண்ணாடி 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலை வெயில் நேரே விழும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் என்றால் மொத்தம் 900 வாட். ஒற்றைக் கண்ணாடி அதில் சுமார் 85 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அறைக்குள் அயர்ன் பாக்ஸை ஆன் செய்து வைத்த மாதிரிதான். வெளிக்காற்று அறையைவிட 10 டிகிரி சூடாக இருப்பதால் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பமோ 90 வாட்டுக்குள் அடங்கிவிடும். இரட்டைக் கண்ணாடி பாதியாக்குவது இந்தச் சின்னத் தொகையைத்தான். நேர் வெயிலில் அது தடுப்பது கொஞ்சமே.

மாலையில் திரையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் துணியைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைக் கண்ணாடி திரும்ப வெளியே விடாது. திரையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஓரளவு வெயில் திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

ஆகவே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறியுங்கள். ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு உச்சி வெயிலுக்குச் சரி. மேற்கு வெயில் தாழ்வாக வந்து அதன் அடியில் நுழைந்துவிடும். மூங்கில் தட்டி, வெளிப்புற ரோலர் ஸ்கிரீன், செங்குத்து லூவர் (நின்றவாக்கில் அடுக்கிய பட்டைகள்) எதுவானாலும் சரி, கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இடையில் சூடேறும் காற்று மேலே வெளியேற வழி வேண்டும்.

வெளியே எதுவும் மாட்ட முடியாத அடுக்குமாடி வீடா? சன் ஃபிலிம் ஒட்டலாம். கருப்பாக இருந்தால் குளிர்ச்சி என்று நம்பி வாங்காதீர்கள்; வெளிச்சத்தை இழப்பீர்கள், கண்ணாடியும் கொதிக்கும். எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணைக் கேளுங்கள். வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வரும் என்பதை அது சொல்லும்; குறைவாக இருப்பதே நல்லது. வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் ஃபிலிம் சில கண்ணாடிகளை விரிசல் விட வைக்கும், அதனால் உங்கள் கண்ணாடிக்கு ஏற்றதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எப்படியும் ஜன்னலையே மாற்றப்போகிறீர்கள் என்றால், அந்த எண் 0.25 அல்லது அதற்கும் கீழே உள்ள லோ-ஈ பூச்சுக் கண்ணாடியைத் (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சுள்ளது) தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, இதைச் செய்யச் செலவும் குறைவு. ஸ்லைடிங் ஜன்னலின் ஓரங்களில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஆடினால் அங்கே காற்று நுழைகிறது. பிரஷ் ஸ்ட்ரிப்பையோ ரப்பர் பீடிங்கையோ மாற்றுங்கள். ஃபிரேமுக்கும் சுவருக்கும் இடையில் கசிந்தால் சீலன்ட் அடைத்துவிடுங்கள்.