திரை காரோடு வந்ததென்றால் சட்டம் விட்டுவிடுமா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் மருமகன், கார் ஓட்டிக்கொண்டே அதன் பெரிய தொடுதிரையில் இணையச் செய்திகளைப் படிக்கிறார். கேட்டால், "கைப்பேசிக்குத்தான் தடை. இது காரோடு வந்த திரை" என்கிறார். அப்படியா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, அம்மா. அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின் 23-ஆம் பிரிவு, காரில் பொருத்தியே வரும் திரைக்கும் பொருந்தும். சாலை, போக்குவரத்து, வானிலை இடம் கொடுக்கும் அளவுக்கு ஒரு சிறு பார்வை மட்டும் பார்க்கலாம். செய்திக் கட்டுரை ஒரு பார்வையில் முடிகிற காரியமா?

அங்கே நடந்த ஒரு வழக்கை அவரிடம் சொல்லுங்கள். கடும் மழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையில் கைவைத்தார். கார் சாலையை விட்டு விலகிப் பலகையிலும் மரங்களிலும் மோதியது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 2020 மார்ச்சில் கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மழையில் வைப்பர் இன்றியமையாதது. அதற்கே இந்தத் தண்டனை என்றால், செய்தி படித்தவருக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால், கார் 55 மீட்டர் பார்வையில்லாமல் ஓடியிருக்கும். எனக்குப் பதறுகிறது, அம்மா. அந்தக் காரில் உங்கள் மகளும் போகிறாள்.

குரல் கட்டளைக்கும் வாசித்துக் காட்டும் வசதிக்கும் அதே பிரிவு அனுமதி தருகிறது. செய்தியைக் கேட்டுக்கொள்ளட்டும், படிக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் படிக்கட்டும்.