மீன் பக்கெட்டுதான் கயிறு

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கமுங்க. லீவுக்கு குடும்பத்தோட துபாய் போறோம், கோயமுத்தூர்ல இருந்து ஷார்ஜாவுக்கு நேரா ஃப்ளைட் இருக்கறதால அங்க எறங்கி போறதா ப்ளான். டால்பின் கூட நீந்தறதுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு, எங்க ஏழு வயசு பாப்பா அதுக்காகத்தான் நாள் எண்ணிட்டு இருக்குது. என்ற தங்கச்சி மட்டும் அது பாவம், போகாதீங்கங்கறா. வேளா வேளைக்கு மீன் போட்டு, டாக்டர் வெச்சுப் பாத்துக்கறாங்க, கடல்ல சுறாகிட்ட மாட்டறதுக்கு இது தேவலைதானுங்களே? ஃபோட்டோல எல்லாம் சிரிச்சிட்டுத்தான் இருக்குது. நாம காங்கேயம் காளைய ரேக்ளாவுல பூட்டி ஓட்டறோமே, அது தப்பில்லைன்னா இது மட்டும் எப்படிங்க தப்பாகும்?
(ஒரு வாசகர், பெருந்துறை)

பதில்: உங்க தங்கச்சி சொல்றதுதானுங்க சரி. அந்த டிக்கெட்ட விட்டுருங்க.

சிரிப்ப மொதல்ல சொல்லிடறேன். அது சிரிப்பே இல்லீங்க, தாடையோட அமைப்பு அப்படி. வலிச்சாலும் பயந்தாலும் அந்த வாய் அப்படியேதான் இருக்கும், செத்து கரை ஒதுங்கின டால்பினும் அதே மூஞ்சியோடதான் கெடக்கும்.

காங்கேயம் காளைய நீங்க இழுத்ததால அதையே எடுத்துக்கலாம். எங்கப்பாரு காலத்துல கொறங்காட்டுல காளைய அவுத்து விட்டா கிளுவை வேலிக்குள்ள கொழுக்கட்டைப் புல்ல மேஞ்சுட்டுக் கெடக்கும், பொழுதோட கட்டுத்தறிக்குத் தானா வந்து நிக்கும், ஏன்னா எத்தனையோ தலைமுறையா மனுசன் கூடவே பொறந்து வளந்த இனம் அது, அதுக்கு வீடுன்னா நம்ம கட்டுத்தறிதான். மூக்கணாங்கயிறு போடறது நோகாதுன்னு நான் சொல்ல வரலீங்க, ரேக்ளாவுல சாட்டைய வீசி வீசி அடிக்கறவனையும் பாத்திருக்கேன், அது தப்புன்னு இதே பக்கத்துல எழுதியும் இருக்கேன். ஆனா டால்பினுக்கு அந்தத் தொட்டி எந்தக் காலத்துலயும் வீடு கெடையாதுங்க. கேட்டைத் தொறந்து விட்டா பொழுதோட திரும்பி வருமான்னு நடத்தறவங்கள கேட்டுப் பாருங்க.

அது எங்கிருந்து வந்துச்சுன்னு டிக்கெட் போடறப்ப யாரும் கேக்கறதில்ல. நீங்க போற துபாய்க்கே 2007 அக்டோபர்ல சாலமன் தீவுகள்ல இருந்து 28 டால்பின ப்ளேன்ல ஏத்திக் கொண்டு வந்தாங்க, பாம் (பனை) தீவுன்னு கடல்ல மண்ணக் கொட்டிக் கட்டின தீவுல இருக்கற ஒரு பெரிய ஹோட்டலுக்காக. சாலமன் தீவுகள்னா எங்கியோ ஆஸ்திரேலியாவுக்கு அக்கட்டால பசிபிக் கடல்ல இருக்குது. அங்க கூட்டத்தோட திரிஞ்சிட்டிருந்த உசுரு. இன்னொரு எடத்தையும் சொல்றேன். ஜப்பான்ல தைஜின்னு ஒரு ஊரு, அங்க படகெல்லாம் வரிசையா நின்னு தண்ணிக்குள்ள இரும்புக் கம்பிய எறக்கி அதத் தட்டிட்டே வருவாங்க, டால்பின் காதாலதான் வழி பாக்கும்ங்கறதால அந்த சத்தத்துக்கு மெரண்டு ஓடி ஒரு சின்ன வளைகுடாவுக்குள்ள போய் மாட்டிக்கும், அப்புறம் அதுல தழும்பு இல்லாத எளசா பாத்து நீச்சத் தொட்டிக்காரங்களுக்குன்னு பிரிச்சு எடுத்துட்டு மத்ததுல நெறையத்தை அங்கயே கறிக்குக் கொன்னுருவாங்க. கறியா வித்தா வர்ற காசை விட உசுரோட வித்தா பல மடங்கு வருது, அந்தக் காசுதான் அந்தப் படகுகள ஓட்டுது. 2015ல உலக மிருகக்காட்சி சாலை சங்கமே ஜப்பான் சங்கத்தை இதுக்காக சஸ்பெண்ட் பண்ணுச்சு, அதுக்கப்புறம்தான் அங்க இனி தைஜியில இருந்து வாங்க மாட்டோம்னு சொன்னாங்க.

குட்டி பொறக்கவே ஒரு வருசம் ஆகுமுங்க. பொறந்தா மூணு வருசம், சிலது அதுக்கு மேலயும் தாய விட்டுப் பிரியாது. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்குன்னு ஒரு சீழ்க்கை உண்டு, நாம பேர் சொல்லிக் கூப்பிடறாப்பல அந்த சீழ்க்கைய வெச்சுத்தான் தாயும் குட்டியும் ஒண்ண ஒண்ணு தேடிக்கும். ஏழு வயசுப் பாப்பாவுக்கு இதச் சொன்னா நமக்கு முன்னாடி அதுக்குப் புரிஞ்சிரும்.

வேளா வேளைக்கு மீன் போடறாங்கன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அங்கதான் மனசு ரொம்ப வெசனமாப் போச்சு. டால்பின் கடல்ல இருந்தாலும் கடல் தண்ணியக் குடிச்சு உசுரு வாழறது கெடையாது, அது ஒடம்புக்கு வேணுங்கற தண்ணியில பெரும்பங்கு அது திங்கற மீன்ல இருந்துதான் கெடைக்குது. அப்ப அந்த பக்கெட்டுல இருக்கறது சோறு மட்டுமில்லீங்க, தண்ணியும் அதுலதான் இருக்குது. முதுகக் காட்டுனா ஒரு மீன், கன்னத்துல முத்தம் குடுத்தா ஒரு மீன், உங்க பாப்பாவ இழுத்துட்டுப் போனா ஒரு மீன். காளைக்கு மூக்குல கயிறு போட்டா பாக்கறவன் கண்ணுக்கு அது தெரியும், மனசிருக்கறவன் லேசா விட்டுப் புடிப்பான். டால்பினுக்கு அந்த பக்கெட்டுதான் கயிறு, அது யாரு கண்ணுக்கும் கயிறாத் தெரியறதில்ல, அதனாலதான் எல்லாரும் அது பாசமா நம்மகிட்ட வருதுன்னு நெனச்சிட்டு காசு குடுத்துட்டு வர்றோம்.

தொட்டியிலயே பொறந்த டால்பின்னா என்ன பண்றது, அதுக்குக் கடலே தெரியாதேன்னு அடுத்து சொல்லுவாங்க. கடலைப் பாக்காட்டியும் ஒடம்பு கடலுக்குன்னு அமைஞ்ச ஒடம்புதானுங்களே. ஒரே நாள்ல பல பத்து கிலோமீட்டர் போற உசுரு, நூறு மீட்டருக்கு மேல முங்கிட்டு வர்ற உசுரு, சத்தத்த அனுப்பி அது மோதித் திரும்பறத வெச்சு உலகத்தையே பாக்கற உசுரு. நாலு சுவத்துக்குள்ள அது எத்தனை தடவை அதே சுவத்தப் பாத்துட்டுக் கெடக்கும்? பவானி ஆத்துல நீந்திப் பழகினவன வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி விட்டாப்பல.

சுறா பயம் கடல்ல இருக்குதுதான், மறுக்கல. ஆனா அதுல ஓடறதும் தப்பிக்கறதும் கூட்டமா சேந்து எதுத்து நிக்கறதும் அதோட பொழப்பு.

நம்ம நாட்டுல இந்த யாவாரம் ஏன் இல்லைன்னு யோசிச்சீங்களா? நடத்த ஆள் வராம இல்லீங்க. 1990கள் கடைசில சென்னைக்கிட்ட வெளிநாட்டுல இருந்து டால்பின் கொண்டு வந்து ஷோ நடத்திப் பாத்தாங்க, கொஞ்ச மாசத்துலயே அதுக செத்துப் போச்சு. அப்புறம் வேற ஊருகள்லயும் ஆரம்பிக்கணும்னு கேட்டப்ப 2013 மே மாசம் மத்திய அரசு டால்பின் காட்சிக்கு அனுமதி குடுக்கக் கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு. டால்பின மனுசரல்லாத நபராப் பாக்கணும், அதுக்குன்னு உரிமை இருக்கணும்னு விஞ்ஞானிக சொல்றத அந்த உத்தரவுலயே எடுத்து எழுதியிருந்தாங்க. அதுக்கு மூணு வருசம் முன்னாடியே கங்கை டால்பின தேசிய நீர்வாழ் விலங்கா அறிவிச்சாச்சு. கனடாவுல 2019ல இனிப் புதுசா டால்பின அடைச்சு வெக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. இங்க செய்யக் கூடாதுன்னு வெச்ச ஒண்ண ஃப்ளைட் ஏறிப் போய் செய்யறதுக்கு நமக்கு மனசு எப்படி வருது?

கோயில் யானை சங்கிலியோட நிக்குதே, அத என்ன சொல்றீங்கன்னு அடுத்த வாரம் ஒருத்தர் நிச்சயம் கேப்பாரு. அதுவும் காட்டுல இருந்து வந்த உசுருதான், அதுவும் எனக்கு ஒறுத்திட்டே இருக்கற விசயம்தான், ஆனா இங்க ஒரு தப்பு நடக்குதுன்னு அங்க இன்னொண்ணுக்கு காசு கட்ட முடியாதுங்க.

பாப்பாவுக்கு டால்பின் பாக்கணும்னா ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போங்க. மன்னார் வளைகுடாவுலயும் பாக் நீரிணையிலயும் டால்பின் இருக்குது, கடல் தொழிலுக்குப் போறவங்க அத ஓங்கல்னு சொல்லுவாங்க. ரெண்டு நாள் காத்திருந்தும் கண்ணுல படாமப் போகலாம், அதையும் பாப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, அது வரலாம், வராமலும் இருக்கலாம், அது இஷ்டம்னு.

துபாய் ட்ரிப்ப நிறுத்த வேண்டாங்க. கட்டின காசு திரும்ப வருமான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, வரலைன்னாலும் அந்த ஒரு நாள் காலைல பாப்பாவ பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.