கடல் தாண்டி வரும் ஒரம்பரை: வாசகர் கேள்வி – பதில்

ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வரும் வெளிநாட்டு நண்பர்களுக்கு நம் கொங்குப் பக்கத்தைக் காட்டுவது, அவர்களுக்கு எழுதிச் சொல்வது, அங்கே போய்ச் சமைத்துப் போடுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகனோடு ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பதியர் ஜூலைக் கடைசியில் ஐந்து நாள் எங்கள் வீட்டில் தங்க வருகிறார்கள். ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல், மதுரை நான்கையும் காட்டிவிட வேண்டும் என்கிறான் மகன். முடியுமாங்க?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

முடியாதுங்க. ஐந்து நாளில் நான்கு ஊர் என்றால் பாதிப் பொழுது காருக்குள்ளேயே போய்விடும். கொடைக்கானலையும் மதுரையையும் அடுத்த தடவைக்கு வையுங்கள். மலை ஒன்று போதும்.

ஜூலையில் அந்த மலை வால்பாறையாக இருக்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம் அது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் மேலே மூடுபனியும் அட்டைக்கடியும்தான் மிஞ்சும். டிசம்பருக்கு மேல் பிப்ரவரிக்குள் வருபவர்களை அங்கே கூட்டிப் போங்கள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு நிற்கும், புதுத்தோட்டம் அருகே சோலைமந்தி சாலையோரத்துக்கே வரும். தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஜூலைக்குக் குன்னூர் சரியாக வரும். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் தென்மேற்கு மழை அங்கே கொஞ்சம் அடங்கியே பெய்யும். குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். மலை ரயில் பாதையில் மண் சரிந்து வண்டி ரத்தாவதும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் ரயிலில் ஏற்றி, குன்னூரிலேயே இறங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பல்சக்கரப் பாதை கல்லாறு முதல் குன்னூர் வரைதான். நீராவி இன்ஜினும் வழக்கமாகக் குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்காளர் ஒருவர் நிற்பார். இன்ஜின் நடுவில் உள்ள பல்சக்கரம் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இருக்கும் பல்வரிசையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. சில இடங்களில் 12 அடி போனால் ஒரு அடி உயரும். இயந்திரங்களோடு புழங்கும் ஊரிலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டினால் கண்ணை எடுக்க மாட்டார்கள். குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கிய பாதை இது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறக்கும் அன்றே எடுங்கள்.

பலர் இடறுவது இ-பாஸில், அதாவது வண்டி மலைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதியில். ரயிலில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். அவர்களைத் திரும்பக் கூட்டி வர உங்கள் கார் குன்னூருக்குப் போகிறதல்லவா, அந்தக் காருக்கு வேண்டும். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இது கட்டாயம். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள்.

மீதி நாட்களுக்கு உங்களைச் சுற்றியே நிறைய இருக்கிறது. முதல் நாள் எங்கும் வேண்டாம். அந்த மாதத்தில் அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால், காலையில் எழுந்திருக்கவே திணறுவார்கள். ஒரு நாள் பவானி: கூடுதுறை, சங்கமேஸ்வரர் கோயில், ஜமக்காளத் தறி. ஒரு நாள் மாலை கொடிவேரி அணை, ஆனால் பவானிசாகரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருந்தால் குளிக்க விட மாட்டார்கள், காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. சங்க காலத்தில் மணி கடைந்த ஊர், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த இடம். ரோம வணிகத்தோடு தொடர்புடையது என்றால் ஐரோப்பியர் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் நேரில் போனால் தெரிவது காடு தோட்டம்தான், அகழ்ந்த குழிகளை மூடிவிடுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஏமாற்றம் இருக்காது.

தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) வெளிநாட்டுக்காரரைத் தங்க வைத்தால் போலீஸில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். வாடகை வாங்காவிட்டாலுமா?
– வாசகர், பொள்ளாச்சி

வாங்காவிட்டாலும்தான். ஓட்டலுக்கு மட்டும் உள்ள விதி என்று பலரும் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. 'சி ஃபார்ம்' என்று காலங்காலமாகச் சொல்லப்படும் இந்தத் தகவலை ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளராக முதலில் நீங்கள் கணக்குத் தொடங்க வேண்டும், அதற்கு ஒப்புதல் வரச் சில நாள் ஆகலாம். ஆள் வந்தபிறகு ஆரம்பித்தால் கெடு தாண்டிவிடும், பத்து நாள் முன்பே செய்துவிடுங்கள். சிக்கினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவைக் கேளுங்கள்.

தப்பு நேர்வது மூன்று இடத்தில். பாஸ்போர்ட் எண் கேட்கும் கட்டத்தில் விசா எண்ணைப் போட்டுவிடுவது. குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் மாற்றி எழுதுவது. இந்தியாவில் இறங்கிய தேதியையும் உங்கள் வீட்டுக்கு வந்த தேதியையும் ஒன்றாக்கிவிடுவது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

கிளம்பும் முன்பே அவர்களுக்கு எழுத வேண்டியதும் உண்டு. செயற்கைக்கோள் போன் கொண்டுவர வேண்டாம். மலையேறுபவர்கள் இடுப்பில் மாட்டும் சின்ன செயற்கைக்கோள் கருவியும் அதே கணக்குதான், அனுமதி இல்லாமல் வைத்திருந்து விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. இ-சிகரெட் 2019இலேயே தடையாகிவிட்டது. இ-விசாவுக்கு அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதே போலத் தோற்றம் காட்டி இரட்டிப்புப் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. இ-விசாவோடு கோவை விமான நிலையத்திலேயே இறங்கலாம்.

கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்கும் வெளிநாட்டு நண்பர்களிடம் 'சென்னை பக்கம்' என்று சொல்லிவிடுகிறேன். வேறெப்படிச் சொல்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

சென்னை 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதுங்க! காற்றை வைத்துச் சொல்லுங்கள், புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர் என்றால், பாலக்காட்டுக் கணவாய் அதில் விட்ட வாசல், அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். அந்த வாசலுக்கு நேர் கிழக்கே இருப்பதுதான் நம் கொங்கு நாடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளத்தில் மழை கொட்டும்போது நமக்கு ஈரக் காற்றும் சாரலும் மட்டும் வரும். மழையைச் சுவர் தடுத்துக்கொள்கிறது, காற்றை வாசல் விடுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காலத்து வணிகர் மேற்குக் கரையிலிருந்து கரூருக்கு வந்ததும் இந்த வாசல் வழியாகத்தான்.

உலக நாடுகளுக்கு அஞ்சலட்டை அனுப்பும் போஸ்ட்கிராசிங்கில் சேர்ந்திருக்கிறேன். நாமக்கல் பற்றி என்ன எழுதுவது?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

'எங்கள் ஊர் மிக அழகானது' என்று எழுதினால் எந்த ஊருக்கும் பொருந்தும். வேறெங்கும் இல்லாத ஒன்றை எடுங்கள், எண்ணோடு எழுதுங்கள். உங்கள் கோட்டை ஒரே பாறையின் மேல் நிற்கிறது. அந்தப் பாறையைக் குடைந்த நரசிம்மர் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது. எதிரே 18 அடி அனுமார் மேற்கூரை இல்லாமல் நிற்கிறார். இல்லையென்றால் முட்டை லாரியைப் பற்றி எழுதுங்கள், திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளைப் பற்றி எழுதுங்கள். ஃபின்லாந்தில் இருப்பவருக்கு எந்தச் சுற்றுலாப் படத்தையும் விட இது புதிது. ஐந்து வரி போதும், கடைசியில் அவர் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள்.

ஒவ்வொரு அட்டைக்கும் போஸ்ட்கிராசிங் தளம் தரும் எண்ணை எழுத மறந்தால் எல்லாம் வீண். அது இல்லாமல் பெறுபவர் பதிவு செய்ய முடியாது, அவர் பதிந்தால்தான் உங்கள் முகவரி அடுத்தவருக்குப் போகும். ஐ.என். என்று தொடங்கும் அந்த எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள், ஒன்றின் மேல் முத்திரை விழுந்தாலும் மற்றொன்று தப்பும். ஜெல் பேனா மழையில் கரையும், பால்பாயிண்டில் எழுதுங்கள். நாட்டின் பெயர் கடைசி வரியில் பெரிய ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்நாட்டு அட்டைக்கான தபால்தலை போதாது, கவுண்டரில் நாட்டைச் சொல்லிக் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். தொடக்கத்தில் ஒரே சமயம் ஐந்து அட்டைதான் பயணத்தில் இருக்க விடுவார்கள். 60 நாளுக்குள் சேராவிட்டால் அந்த இடம் காலியாகும், பயப்பட வேண்டாம்.

காட்டுக்குள் யாருக்கும் தெரியாத ஓர் அருவி எங்கள் ஊருக்கு மேலே உண்டு. வெளிநாட்டு நண்பர்களுக்கு இடக்குறியோடு படம் அனுப்பலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

படத்தைத் தாராளமாக அனுப்புங்கள். இடக்குறியை நீக்கிவிடுங்கள். ஒருவருக்கு அனுப்பியது நூறு பேருக்குப் போகும். அனுமதி இல்லாமல் வனத்துக்குள் போவது குற்றம், அபராதம் உங்கள் நண்பருக்குத்தான் விழும். யானை நடக்கும் தடத்தில் வழி தெரியாதவர் மாட்டினால் காப்பாற்ற ஆள் இருக்காது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். நடக்க ஆசைப்படுபவர்களுக்கு வனத்துறையே 2024 அக்டோபரில் வழிகாட்டியோடு கூடிய மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது, அதில் பதிந்து வரச் சொல்லுங்கள்.

மெல்போர்னில் இருக்கிறோம். பேத்தி பள்ளியில் அவரவர் நாட்டு உணவு கொண்டுவரும் நாள். அரிசியும் பருப்பும் சாதம் செய்தால் சரியாக வருமா? போன தடவை கட்டியாக இறுகிவிட்டது.
– வாசகி, சொந்த ஊர் காங்கேயம்

நல்ல தேர்வுங்க. காரத்தை அடக்கினால் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பொன்னிப் புழுங்கல் அரிசி 2 கப்புக்குத் துவரம்பருப்பு அரை கப். இரண்டையும் கழுவி 20 நிமிடம் ஊற வையுங்கள். குக்கரில் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் விட்டு கடுகு, சீரகம், மிளகாய் வற்றல் 2, கறிவேப்பிலை. அடுத்து சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், தக்காளி 2. மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் போதும். தண்ணீர் 7 கப், உப்பு 2 டீஸ்பூன். நன்றாகக் கொதித்தபின் அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும்.

இறுகிப்போனதற்குக் காரணம் தண்ணீர் அளவு. உடனே சாப்பிடுவதற்கு 6 கப் சரி. இரண்டு மணி நேரம் கழித்துப் பரிமாறுவதற்குப் பற்றாது, ஆற ஆறப் பருப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடைத்து எடுக்கும் முன் கொதிநீர் அரை கப் ஊற்றி, அடியிலிருந்து மெதுவாகத் திருப்பி விடுங்கள். கரண்டியால் மசித்தால் பசையாகிவிடும். சூடு தாங்கும் ஹாட்பேக்கில் கொதிக்கக் கொதிக்க வையுங்கள். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது.

நம் ஊரில் இதற்குக் கடலை எண்ணெய்தான் வாசம். பள்ளிக்குக் கொண்டுபோகும்போது அதைத் தொடாதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமை அந்த நாட்டில் பெரிய விஷயம், சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள். நெய்யைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் போங்கள், பால் பொருள் சேர்க்காதவர்கள் இருப்பார்கள். மூடியில் என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். பெருங்காயம் சேர்த்திருந்தால் அதன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கடையில் விற்கும் தூளில் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதையும் சீட்டில் எழுத வேண்டும்.